கேபிளைப் பிடுங்கினால் கதவு திறக்கும்

அலுவலகங்களில் ஐடி பிரிவினர் செய்யும் ஒரு வித்தை உண்டு. திங்கட்கிழமை காலை. கணக்குப் பிரிவில் ஒருவர் கணினியை இயக்கிப் பாஸ்வேர்டை அடிக்கிறார். சரியான பாஸ்வேர்டுதான். ஆனாலும் உள்ளே விடவில்லை. இந்தக் கணினிக்கும் டொமைனுக்கும் இடையே இருந்த நம்பிக்கை உறவு முறிந்துவிட்டது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வருகிறது. ஐடி ஆள் வந்து, மேசைக்குப் பின்னால் குனிந்து, நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குகிறார். "இப்ப அதே பாஸ்வேர்டைப் போடுங்க சார்" என்கிறார். திறந்துகொள்கிறது.

பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் சர்வர் அந்தக் கேபிளின் மறுமுனையில் இருக்கிறது. அதனுடன் பேச வழி இருந்தபோது கிடைக்காத அனுமதி, வழியை அறுத்ததும் கிடைத்துவிட்டது. அப்படியானால் இரண்டாம் முறை பாஸ்வேர்டைச் சரிபார்த்தது யார்? முதல் முறை மறுக்கப்பட்டது உண்மையில் எது?

வீட்டில் இருக்கும் கணினியில் பயனர் பெயரும் பாஸ்வேர்டின் தடயமும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். இருநூறு கணினிகளும் முந்நூறு ஊழியர்களும் உள்ள அலுவலகத்துக்கு இது ஒத்துவராது. ஒருவர் வேலையை விட்டுப் போனால் இருநூறு பெட்டிகளிலும் அவர் பெயரை அழிக்க வேண்டியிருக்கும். எனவே ஒரே பதிவேடு, அதை எல்லாக் கணினிகளும் நம்ப வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. மைக்ரோசாஃப்ட் உலகில் அந்தப் பதிவேட்டின் பெயர் ஆக்டிவ் டைரக்டரி. 2000 பிப்ரவரியில் விண்டோஸ் 2000 உடன் வெளிவந்தது. அதை நம்பும் கணினிகளின் கூட்டம் டொமைன். பதிவேட்டை வைத்திருக்கும் சர்வர் டொமைன் கன்ட்ரோலர்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சங்கடம் உண்டு. மடிக்கணினியை ரயிலில் திறப்பவருக்கு டொமைன் கன்ட்ரோலர் எட்டாது. அதற்காக விண்டோஸ் ஒரு நினைவுக் குறிப்பு வைத்துக்கொள்கிறது. நீங்கள் டொமைன் வழியாக வெற்றிகரமாக நுழையும்போதெல்லாம், உங்கள் பாஸ்வேர்டைத் திருப்ப முடியாத ஒரு கணக்கீட்டுக்குள் செலுத்தி, வரும் விடையை மட்டும் வட்டில் எழுதிவைக்கிறது. விஸ்டா காலத்திலிருந்து இந்தக் கணக்கீடு வழக்கமாக 10,240 சுற்றுகள் ஓடுகிறது. குறிப்பைத் திருடியவன் ஊகித்துப் பார்க்கும் ஒவ்வொரு பாஸ்வேர்டுக்கும் அத்தனை சுற்று உழைக்கட்டும் என்பதற்காக. கடைசியாக நுழைந்த 10 பேரின் குறிப்பு இருக்கும்; நிர்வாகி இதை 50 வரை கூட்டலாம், பூஜ்யமாக்கி அடியோடு நிறுத்தவும் செய்யலாம்.

கேபிளைப் பிடுங்கியதும் நடந்தது இதுதான். டொமைன் கன்ட்ரோலரைக் காணோம் என்று கண்ட விண்டோஸ், தன் குறிப்பை வைத்துத் தானே சரிபார்த்தது. பாஸ்வேர்டு பொருந்தியது, விட்டது.

இதை ஊகமாக ஏற்க வேண்டியதில்லை. அப்படி நுழைந்தபின் கமாண்ட் பிராம்ப்ட்டில் 'கேலிஸ்ட்' என்ற கட்டளையை ஓட்டினால், டொமைன் கன்ட்ரோலர் தரும் 'டிக்கெட்' என்ற அனுமதிச் சீட்டு ஒன்றுகூடக் கையில் இல்லை என்று காட்டும். டொமைன் கன்ட்ரோலர் அனுமதித்து நுழைந்திருந்தால் குறைந்தது ஒன்றாவது இருக்கும். இன்னொரு சோதனை தானாகவே நடப்பது: வீட்டிலிருந்து வேலை செய்பவர் அலுவலக இணையப் பக்கத்தில் பாஸ்வேர்டை மாற்றுகிறார், மின்னஞ்சல் புதியதைக் கேட்கிறது, மடிக்கணினி பழையதைத்தான் ஏற்கிறது. மடிக்கணினிக்கு மாற்றம் நடந்ததே தெரியாது. வேலையை விட்டு நீக்கப்பட்டவர்கூட, தான் வழக்கமாகப் பயன்படுத்திய கணினியின் கேபிளைக் கழற்றிவிட்டு நுழைய முடியும் என்பது இதே வசதியின் மறுபக்கம். குறிப்பின் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கும் நிர்வாகிகள் அதை நினைத்தே அப்படிச் செய்கிறார்கள்.

புதிரின் பாதி தீர்ந்தது. கேபிள் இருந்தபோது ஏன் மறுத்தது என்ற மறுபாதிதான் சுவையானது. பாஸ்வேர்டு சரி, சர்வரும் நலம். பின்னே எது தப்பு?

பயனர்கள் பலருக்குத் தெரியாத செய்தி இது: டொமைனில் உங்களுக்கு இருப்பதுபோலவே உங்கள் கணினிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதற்கும் ஒரு பாஸ்வேர்டு இருக்கிறது. கணினியின் பெயருக்குப் பின்னால் ஒரு டாலர் குறி சேர்ந்ததுதான் அந்தக் கணக்கின் பெயர். பாஸ்வேர்டு 120 எழுத்து நீளம், முழுக்கத் தற்போக்கானது, எந்த மனிதர் கண்ணிலும் படாதது. 30 நாளுக்கு ஒருமுறை கணினியே புதியதொன்றை உருவாக்கி டொமைன் கன்ட்ரோலரிடம் பதிவு செய்துகொள்கிறது. நம்மை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னாலே முணுமுணுக்கிறோம்.

வங்கி லாக்கரை எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் சாவி ஒன்று, வங்கியின் சாவி ஒன்று. இரண்டும் திரும்பினால்தான் கதவு திறக்கும். உங்கள் சாவி எவ்வளவு சரியானதாக இருந்தாலும், மற்றது பொருந்தாவிட்டால் நகை உள்ளேதான். டொமைன் லாகினிலும் உங்கள் ரகசியம் ஒன்று, கணினியின் ரகசியம் ஒன்று.

ஆளைச் சரிபார்த்தால் போதாதா, பெட்டியையும் ஏன் சரிபார்க்க வேண்டும்? ஒரு திருடனின் இடத்தில் நின்று பாருங்கள். மேலாளரின் கணினிக்கு முன் அவன் உட்கார்ந்திருக்கிறான். மேலாளரின் பாஸ்வேர்டு தெரியாது. கேபிளைத் தன் மடிக்கணினியில் சொருகி, அதையே டொமைன் கன்ட்ரோலராக நடிக்க வைக்கிறான். அந்தப் போலிப் பதிவேட்டில் மேலாளர் பெயருக்கு அவனே ஒரு பாஸ்வேர்டைப் போட்டுவைத்து, பிறகு அதையே அடிக்கிறான். போலி சர்வர் 'சரிதான், விடலாம்' என்கிறது. ஆளை மட்டும் சரிபார்க்கும் கணினி இதை நம்பித் திறந்துவிடும்.

ஆகவே கணினி இன்னொரு படியும் போகிறது. 'இந்த ஆள் சரியானவர்' என்று சொன்ன சர்வரிடம், 'அப்படியானால் என் பெயருக்கே ஒரு டிக்கெட் கொடு' என்று கேட்கிறது. உண்மையான டொமைன் கன்ட்ரோலர் அந்த டிக்கெட்டைக் கணினியின் ரகசியத்தால் மறையாக்கம் செய்து தரும். மறையாக்கம் என்பது உரிய ரகசியம் இல்லாதவரால் படிக்க முடியாதபடி எண்களைக் குலைத்துவைப்பது. கணினி தன்னிடமுள்ள ரகசியத்தால் அதைப் பிரிக்கிறது. பிரிந்தால், எதிரே இருப்பவர் அந்த ரகசியம் அறிந்தவர், அசல். போலி சர்வரால் இதை மட்டும் செய்ய முடியாது.

பிரியவில்லை என்றால்? எதிரே இருப்பது போலியாக இருக்கலாம். அல்லது தன்னிடம் உள்ள ரகசியமே பழையதாகப் போயிருக்கலாம். இரண்டில் எது என்று அறியக் கணினிக்கு வழியே இல்லை. உறவு முறிந்தது என்று சொல்லி நின்றுவிடுகிறது. அந்தச் செய்தியைப் பலர் திட்டுவார்கள். எனக்கென்னவோ விண்டோஸ் காட்டும் பிழைச் செய்திகளிலேயே மிக நேர்மையானது அதுதான் என்று படுகிறது.

சரி, ரகசியம் எப்படிப் பழசாகிறது? "ரெண்டு மாசம் ஆஃப்ல கிடந்துச்சு, அதான் டிரஸ்ட் போயிடுச்சு" என்பார்கள். காரணம் அதுவாக இருக்க வாய்ப்பில்லை. மாற்றத்தைத் தொடங்குவது கணினிதான். டொமைன் கன்ட்ரோலர் அந்தப் பாஸ்வேர்டைக் காலாவதியாக்குவதே இல்லை. ஆறு மாதம் அணைந்து கிடந்தாலும், இயக்கியதும் பழைய ரகசியத்தோடு உள்ளே போய், பிறகு புதியதற்கு மாறிக்கொள்ளும். நெடுநாள் தலைகாட்டாத கணக்குகளை நிர்வாகியே நீக்கிவிடும் வழக்கம் இருந்தால் மட்டும்தான் விடுப்பின் மேல் பழி போடலாம்.

உண்மையான குற்றவாளி பெரும்பாலும் பின்னோக்கிப் போன காலம். கணினியை மார்ச் மாத நிலைக்கு மீட்டெடுத்தால் அதன் ரகசியமும் மார்ச்சுக்குத் திரும்புகிறது. டொமைன் கன்ட்ரோலரோ ஜூனில் பதிந்ததையே வைத்திருக்கிறது. மெய்நிகர் கணினிகளில் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குப் போனாலும் இதே கதைதான். கல்லூரி ஆய்வகங்களில், மாணவர்கள் என்ன குழப்பம் செய்தாலும் மறுதொடக்கத்தில் பழையபடி ஆகிவிடும் மென்பொருளைப் போட்டிருப்பார்கள். அந்தக் கணினி தன் பாஸ்வேர்டை மாற்றும், மறுதொடக்கத்தில் மறந்துபோகும். பரிமாற்றம் பாதியில் அறுந்தாலும் தவிக்காமல் இருக்கட்டும் என்று கணினி புதியதோடு முந்தைய பாஸ்வேர்டையும் சேர்த்தே வைத்திருக்கும். ஆனால் மறதிக்கு அந்த ஏற்பாடு ஈடுகொடுக்காது. இத்தகைய ஆய்வகங்களில் தானியங்கி மாற்றத்தையே நிறுத்திவைப்பது வழக்கம்.

இன்னொரு காரணம் பெயர்க் குழப்பம். ஏற்கனவே டொமைனில் உள்ள கணினியின் பெயரையே புதிய கணினிக்கும் வைத்துச் சேர்த்தால், அந்தக் கணக்கின் ரகசியம் புதியவரோடு ஒத்துப்போகும்படி மாறிவிடும். பழைய கணினி அடுத்த அறையில் காரணம் புரியாமல் வெளியே நிற்கும். 2022 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட திருத்தத்துக்குப் பின், கணக்கை உருவாக்கியவரோ உரிய உரிமை உள்ளவரோ தவிர மற்றவர் இப்படி மேலெழுதுவது தடுக்கப்படுகிறது.

முறிந்த உறவுக்கு மரபான வைத்தியம், "டொமைன்லேர்ந்து எடுத்துட்டு மறுபடி ஜாயின் பண்ணு" என்பது. வேலை செய்யும், இரண்டு மறுதொடக்கம், அரை மணி நேரம். வேண்டியது புதிய ரகசியம் ஒன்றுதான் என்று தெரிந்தபின் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பவர்ஷெல்லில் இந்தப் பிணைப்பைச் சோதிக்கும் கட்டளை ஒன்று உண்டு. 'ட்ரூ' அல்லது 'ஃபால்ஸ்' என்று ஒற்றைச் சொல்லில் பதில் தரும். அதனுடன் 'ரிப்பேர்' என்று சேர்த்து, உரிமையுள்ள ஒருவரின் டொமைன் கணக்கைக் கொடுத்தால் இரு தரப்பும் புதிய ரகசியத்துக்கு வந்துவிடும். டொமைனிலிருந்து எடுப்பதே தீர்வு என்று முடிவு செய்பவர்கள், அந்தக் கணினியின் உள்ளூர் நிர்வாகி பாஸ்வேர்டு கையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. எடுத்தபின் அது ஒன்றுதான் வழி.

கணினியின் பாஸ்வேர்டு எவ்வளவு பெரிய விஷயம் என்பது 2020இல் உலகுக்கே தெரிந்தது. நெதர்லாந்தின் செக்யூரா நிறுவனத்தைச் சேர்ந்த டாம் டெர்வூர்ட், கணினிகள் இந்த ரகசியத்தை மெய்ப்பிக்கும் முறையில் ஒரு பிழையைக் கண்டார். அனுப்பும் தரவு முழுவதையும் பூஜ்யங்களாக நிரப்பி மீண்டும் மீண்டும் முயன்றால், சராசரியாக 256இல் ஒரு முறை, ரகசியம் தெரியாமலே சர்வர் ஏற்றுக்கொள்ளும். அதை வைத்து டொமைன் கன்ட்ரோலரின் சொந்தக் கணக்கின் பாஸ்வேர்டையே வெறுமையாக்க முடிந்தது. ஸீரோலாகன் என்று பெயர் பெற்ற இந்த ஓட்டை வெளியே தெரியவருவதற்கு முன்பே, அந்த ஆண்டு ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டிருந்தது.

ரகசியங்கள் இரண்டும் பொருந்தியும் கதவு திறக்காமல் போகலாம். காரணம் கடிகாரமாக இருக்கலாம்! பாஸ்வேர்டுக்கும் மணிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் 1978க்குப் போக வேண்டும். நம்பத்தகாத கம்பி ஒன்றின் இரு முனைகளில் இருப்பவர்கள் ரகசியத்தைச் சொல்லாமலே அது தமக்குத் தெரியும் என்று நிரூபிப்பது எப்படி என்ற கேள்விக்கு, அந்த ஆண்டு ரோஜர் நீதமும் மைக்கேல் ஷ்ரோடரும் ஒரு நெறிமுறையை வெளியிட்டார்கள். 1981இல் டோரதி டென்னிங்கும் ஜியோவானி சாக்கோவும் அதில் ஓர் ஓட்டையைக் காட்டினார்கள்: பழைய உரையாடலைப் பதிவு செய்து வைத்திருப்பவன், அதன் சாவி எப்போதாவது கைக்குக் கிடைத்தால், அதையே மறுபடி ஓட்டி ஏமாற்றலாம். செய்தியில் நேரத்தைச் சேர்த்துவிடுங்கள், பழையது தானாகச் செல்லாமல் போகும் என்பது அவர்கள் சொன்ன வழி. 1983இல் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அதீனா திட்டம் இந்தச் சிந்தனைகளை வைத்து கெர்பரோஸ் என்ற முறையைக் கட்டியது. பாதாள உலக வாசலைக் காக்கும் கிரேக்கப் புராண நாயின் பெயர் அது. விண்டோஸ் 2000 முதல் டொமைன் லாகினை நடத்துவது கெர்பரோஸ்தான்.

நீங்கள் பாஸ்வேர்டை அடித்ததும் கணினி அதிலிருந்து ஒரு சாவியைப் பெறுகிறது. அந்தச் சாவியால், அந்தக் கணத்தின் நேரத்தை மறையாக்கம் செய்து அனுப்புகிறது. டொமைன் கன்ட்ரோலரிடம் உங்கள் சாவியின் நகல் இருக்கிறது. அதனால் பிரித்துப் பார்க்கிறது. இப்போதைய நேரம் ஒன்று தெளிவாக வந்தால் பாஸ்வேர்டு சரி. பாஸ்வேர்டு கம்பியில் ஏறவே இல்லை. சந்தேகப்படுபவர்கள் வயர்ஷார்க் போன்ற கருவியால் 88ஆம் போர்ட்டில் ஓடுவதைப் பிடித்துப் பார்க்கலாம். கணினி முதலில் பெயரை மட்டும் சொல்லிக் கேட்கும். முன்சான்று வேண்டும் என்று மறுப்பு வரும். பிறகு மறையாக்கிய நேரத்தோடு மறுபடி கேட்கும். பயனர் பெயர் பச்சையாகத் தெரியும். பாஸ்வேர்டு எங்கே தேடினாலும் இராது.

விண்டோஸ் டொமைனில் வழக்கமாக அனுமதிக்கப்படும் நேர வித்தியாசம் ஐந்து நிமிடம். அதைத் தாண்டினால் சர்வர் மறுக்கும். மறுக்கும்போது தன் நேரத்தையும் சொல்லி அனுப்பும். விண்டோஸ் அதைப் படித்துக் கணக்கைச் சரிசெய்து மறுபடி கேட்க வல்லது என்பதால், ஆறாவது நிமிடத்திலேயே எல்லோரும் வெளியே நிற்பார்கள் என்று எண்ண வேண்டாம். மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்து தேதி பல ஆண்டு பின்னே போன கணினியில்தான் பிரச்சினை வெளிப்படையாகத் தெரியும்.

வெளிப்படையாகத் தெரியாத வகை ஒன்றும் உண்டு. திரை மூலையில் உள்ள மணி சுவர்க் கடிகாரத்தோடு நிமிடம் பிசகாமல் ஒத்துப்போகும். ஆனாலும் கெர்பரோஸ் நேரம் தப்பு என்று மறுக்கும். கெர்பரோஸ் பார்ப்பது உலகப் பொது நேரத்தை. கணினியின் நேர மண்டலம் அமெரிக்கப் பசிபிக் என்று இருப்பதைக் கவனிக்காமல், யாரோ மணியை மட்டும் கையால் சென்னை நேரத்துக்குத் திருப்பியிருப்பார். கண்ணுக்குச் சரி, பொது நேரக் கணக்கிலோ பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலான பிசகு. இதற்கு நேர்மாறான வேடிக்கையும் நடக்கும். டொமைன் கன்ட்ரோலரின் மணியே தப்பாக இருந்து, எல்லாக் கணினிகளும் அதைப் பார்த்தே திருத்திக்கொண்டால், எல்லோரும் சேர்ந்து தப்பாக இருப்பார்கள், லாகின் ஒழுங்காக நடக்கும். கெர்பரோஸுக்கு வேண்டியது ஒருமித்த நேரம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், டொமைன் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்று கணினிக்குத் தெரிய வேண்டும். பெயரைக் கொடுத்தால் முகவரி சொல்லும் டிஎன்எஸ் சேவையைத்தான் அதற்குக் கேட்கிறது. இண்டர்நெட் மெதுவாக இருக்கிறதென்று யாராவது டிஎன்எஸ் முகவரியைக் கூகுளின் 8.8.8.8 என்று மாற்றினால், யூடியூப் ஜோராக ஓடும். அலுவலகத்தின் உள் பெயர்கள் மட்டும் கூகுளுக்குத் தெரியாது. நினைவுக் குறிப்பின் புண்ணியத்தில் பழைய பயனர் பல நாள் ஒன்றும் தெரியாமல் நுழைந்துகொண்டிருப்பார். அந்தக் கணினியில் முதன்முதலாக உட்கார வரும் புதிய ஊழியர்தான் மாட்டிக்கொள்வார். சரிபார்க்க சர்வர் யாரும் இல்லை என்று வரும். கணினியின் நிகழ்வுப் பதிவேட்டில் 5719 என்ற எண் விழுந்திருந்தால் இந்தத் திசையிலும், 3210 என்றால் முறிந்த ரகசியத்தின் திசையிலும் தேடலாம்.

கைதேர்ந்த ஐடி ஆள் இத்தனையையும் வரிசையாகச் சோதிப்பதில்லை. அதே ஆளை வேறு கணினியில் நுழையச் சொல்வார். நுழைந்தால் ஆளின் கணக்கு நலம், பெட்டியில் கோளாறு. அதே பெட்டியில் வேறு ஆளை முயலச் சொல்வார். கேபிள் இல்லாமல் முயல்வார். ஒவ்வொரு சோதனையும் சந்தேகப் பட்டியலின் பெரும்பகுதியை ஒரே வெட்டில் கழித்துவிடும். கேபிளைப் பிடுங்கும் வித்தை உண்மையில் ஒரு பரிசோதனை.

திரையில் வரும் செய்தியை மட்டும் நம்பினால் இவ்வளவு தெளிவு கிடைக்காது. பெயர் தப்பானாலும் பாஸ்வேர்டு தப்பானாலும் 'இரண்டில் ஏதோ ஒன்று தவறு' என்றே அது சொல்லும். வேண்டுமென்றே அப்படி, 'அப்படி ஒருவர் இங்கே இல்லை' என்று சொல்லிவிட்டால், யார் இருக்கிறார்கள் என்று அறிய வந்தவனுக்கு உதவியது போலாகிவிடும். உண்மை பாதுகாப்புப் பதிவேட்டில் 4625 என்ற எண்ணில் இருக்கும். அதில் வரும் நீண்ட குறியீட்டின் கடைசி இலக்கங்கள் 64 என்றால் பெயரே இல்லை, 6ஏ என்றால் பாஸ்வேர்டு தப்பு, 72 என்றால் கணக்கு முடக்கப்பட்டது, 133 என்றால் கடிகாரம், 234 என்றால் கணக்கு பூட்டப்பட்டது.

தப்பான பாஸ்வேர்டு பலமுறை வந்தால் விழும், கடைசியாகச் சொன்ன அந்தப் பூட்டுதான் ஐடி ஆட்களின் பொறுமையை அதிகம் சோதிப்பது. திறந்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் மறுபடி பூட்டிக்கொள்ளும். பயனர் ஒரு தப்பும் செய்யவில்லை என்று சத்தியம் செய்வார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். அவர் பெயரில் வேறு ஏதோ ஒரு கருவி பழைய பாஸ்வேர்டை விடாமல் தட்டிக்கொண்டிருக்கிறது. டொமைன் கன்ட்ரோலரின் பாதுகாப்புப் பதிவேட்டில் 4740 என்ற நிகழ்வைப் பார்த்தால், எந்தக் கணினி வழியாக அந்தத் தட்டல் வந்தது என்று பெயர் இருக்கும். பாஸ்வேர்டு மாற்றிய அன்றே பூட்டு விழுந்தால் கைபேசியைத்தான் எல்லோரும் சந்தேகிப்பார்கள். ஆனால் பாஸ்வேர்டு வரலாறு வைத்திருக்கும் டொமைனில், மிக அண்மையில் கைவிட்ட இரண்டு பாஸ்வேர்டுகளை யாராவது அடித்தால் டொமைன் கன்ட்ரோலர் அதைத் தப்பான முயற்சியாக எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. ஆகவே தேட வேண்டியது நேற்றைய பாஸ்வேர்டை வைத்திருக்கும் கைபேசியை விட, அதற்கும் இரண்டு மூன்று மாற்றங்களுக்கு முந்தையதை வைத்திருக்கும் எதையோ: எப்போதோ அமைத்து மறந்த தானியங்கி வேலை, லாக்-ஆஃப் செய்யாமல் சர்வரில் விட்டுவந்த ரிமோட் டெஸ்க்டாப், ஸ்கேன் செய்ததை ஃபோல்டரில் போடும் வராந்தா ஜெராக்ஸ் மெஷின்.